எழுதியதை எப்போது திரும்பப் பார்ப்பீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

வேலையையும் வீட்டையும் தடுமாறாமல் நடத்திச் செல்வது பற்றிய ஐயங்களை எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எந்தச் செயலி நல்லது?" என்று முடிந்திருந்தன. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த நடைமுறைச் சிக்கல்களை விரிவாக எழுதிய வாசகர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் புதிய டைரி வாங்குகிறேன். பிப்ரவரி முடிவதற்குள் எழுதுவது நின்றுவிடுகிறது. கைப்பேசியில் செயலிகளையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு எதுதான் ஒத்துவரும்?
– ஆசிரியை, தென்காசி மாவட்டம்

உங்களிடமே ஒரு குறிப்பேடு ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் நினைவூட்டுகிறேன். பள்ளிக்காக எழுதும் பாடக்குறிப்பேட்டைத்தான் சொல்கிறேன். ஜூன் மாதத்தில் தொடங்கினால் ஏப்ரல் வரை அது தொடர்கிறது. தலைமையாசிரியர் வாராவாரம் அதைப் பார்த்துக் கையொப்பமிடுகிறார். நீங்களும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறீர்கள். எழுதப்பட்டது குறிப்பிட்ட நேரத்தில் படிக்கப்படுகிறது என்ற ஒரே காரணத்தால்தான் அது உயிரோடு இருக்கிறது. உங்கள் சொந்த டைரிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. எழுதுவதற்கு நேரம் ஒதுக்கினீர்கள், படிப்பதற்கு ஒதுக்கவில்லை.

அதன் விளைவு படிப்படியாக வருகிறது. திங்கட்கிழமை ஒரு வேலையைக் குறிக்கிறீர்கள். வியாழன் வரை அந்தப் பக்கத்தைத் திருப்பாததால் வேலை தவறிப்போகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்ததும், டைரியில் எழுதினாலும் நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. தலையில் சுமப்பதையே ஏட்டிலும் எழுதுவது இரட்டை வேலையாகத் தோன்றும்போது, இரண்டில் ஏட்டைத்தான் கைவிடுகிறோம்.

ஆகவே புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பாதியில் நிற்கும் டைரியே போதும். காலையில் பள்ளிக்குச் சென்றதும் வழிபாட்டுக் கூட்டத்திற்கு முன் ஐந்து நிமிடமும், சனிக்கிழமை மாலை இருபது நிமிடமும் அதைப் படிப்பதற்கென்றே ஒதுக்குங்கள். சனிக்கிழமைப் பார்வைதான் முக்கியம். முடிந்ததை அடித்துவிட்டு, செய்யப்போவதில்லை என்று தெரிந்ததையும் தயங்காமல் அடித்துவிட்டு, மீந்ததை அடுத்த வாரத்திற்கு எடுத்து எழுத வேண்டும்.

எழுதும் விதத்திலும் ஒரு மாற்றம் தேவை. "கட்டுரை ஏடு" என்று மட்டும் எழுதினால் அது வேலையின் தலைப்பு. "எட்டாம் வகுப்புக் கட்டுரை ஏடுகளில் பத்து, வெள்ளிக்கிழமை ஓய்வுப் பாடவேளையில்" என்று எழுதினால், எப்போது எங்கே உட்கார்ந்து எதைச் செய்யப்போகிறோம் என்பது அதிலேயே இருக்கிறது. 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, முடிக்காத வேலை வேறு வேலையின் நடுவே வந்து உறுத்துவதையும், அதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்ததுமே, வேலை முடியாத நிலையிலும், அந்த உறுத்தல் அடங்குவதையும் காட்டியது. டைரியால் நமக்குக் கிடைக்கும் முதல் நன்மை இந்த நிம்மதிதான்.

அலுவலகம், சமையல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மாத்திரை, கேஸ் பதிவு எல்லாம் என் தலையில்தான் ஓடுகின்றன. யாரைக் கேட்டாலும் "சொல்லு, செய்கிறேன்" என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குறித்துவைக்க நல்ல செயலி ஒன்றைச் சொல்லுங்கள்.
– வாசகி, திருப்பூர்

உங்களுக்குச் செயலி சொன்னால் அது உங்களுக்கு நான் செய்யும் தீங்காகும். எல்லாம் உங்கள் கைப்பேசிக்குள் போய்விட்டால், இப்போது ஓரளவாவது கண்ணில் படும் வேலைகளும் மற்றவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

"சொல்லு, செய்கிறேன்" என்பது உதவி போலத் தோன்றினாலும், அதில் கையும் காலும் மட்டுமே அவர்களுடையவை. அலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையின் மனச்சுமையை நான்காகப் பிரித்தார். வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது ஆகியவை அவை. முடிவெடுக்கும்போது கணவர்கள் வந்து கலந்துகொள்கிறார்கள்; முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்களிடமே தங்கிவிடுகின்றன என்பது அவர் கண்டது. நம் வீடுகளுக்கும் இது பொருந்துகிறதா என்று யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டிய அவசியமில்லை.

உங்களுக்கு வேண்டியது சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் இலவசமாகக் கிடைக்கிறதே, பெரிய கட்டங்கள் போட்ட அதே காலண்டர்தான். நாள்தோறும் கிழிக்கும் காலண்டர் இதற்கு ஆகாது. நல்ல நேரம் பார்க்க அது உதவும், ஆனால் அதில் எழுதியது மறுநாள் குப்பைக்குப் போய்விடும். முன்பெல்லாம் பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும், சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டமும் போட்டுவைத்த வழக்கத்தில் பெரிய நன்மை ஒன்று இருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்கூட, சிலிண்டர் மாட்டி எத்தனை நாளாயிற்று என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொண்டார்.

அடுத்து, வேலைகளைத் துண்டு துண்டாகச் சொல்வதை விட்டுவிட்டு முழுதாக ஒப்படையுங்கள். மாமியாரின் மாத்திரை உங்கள் கணவருடைய பொறுப்பு என்றால், அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணுவது, தீர்வதற்குப் பத்து நாள் முன்பாகக் காலண்டரில் குறிப்பது, மருந்துச்சீட்டின் காலம் முடிந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வரை அனைத்தும் அவருடையவை. மூத்த மகனுக்கோ மகளுக்கோ கேஸ் பதிவையும் மின்கட்டணத்தையும் கொடுக்கலாம். ஒருமுறை தவறவிட்டால் ஓடிப்போய்க் காப்பாற்றாதீர்கள். மாத்திரைக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. ஞாயிறு மாலைத் தேநீருக்குப் பிறகு வீட்டில் உள்ள அனைவரும் காலண்டர் முன் நின்று அடுத்த வாரக் கட்டங்களைப் படியுங்கள். முதல் சில வாரங்களில் நீங்கள்தான் கூப்பிட வேண்டியிருக்கும். பிறகு அந்தக் கூப்பிடும் வேலையையும் யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

எனக்கு வயது 68. வீட்டுப் பத்திரம், பாலிசிகள், வைப்பு ரசீதுகள் எல்லாம் பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் வங்கி லாக்கரிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். எனக்குப் பின் அவர்கள் திண்டாடக் கூடாது.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்

உங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அடுக்குகிறவரின் வசதியைவிடத் தேடி வருகிறவரின் வசதியே பெரிது என்று அதை விரித்துக்கொள்ளலாம். உங்கள் பீரோவின் ஒழுங்கு உங்களுக்கு விளங்குகிறது. ஆனால் அதைத் தேடப்போகிறவர் உங்கள் மகனோ மகளோ. அதுவும் துக்க வீட்டில், பதினாறாம் நாள் காரியத்திற்கு இடையில். அவர்கள் கண்ணால் பார்த்து நீங்கள் அடுக்க வேண்டும்.

எனவே தாள்களை இடம் மாற்றும் முன் ஒரு பட்டியல் எழுதுங்கள். இரண்டு பக்கத்திற்கு மேல் போக வேண்டாம். எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், வாரிசு நியமனம் யார் பெயரில், அசல் தாள் எங்கே இருக்கிறது என்ற ஐந்து விவரங்களும் ஒவ்வொரு வரியிலும் இருந்தால் போதும். காப்பீடு, அஞ்சலகச் சேமிப்பு, ஓய்வூதியப் புத்தகம், நீங்கள் பிறருக்குக் கொடுத்த கடன், பிறரிடம் வாங்கிய கடன் ஆகியவற்றையும் சேருங்கள். கடைசி இரண்டையும் பலர் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தில் சண்டை மூள்வது பெரும்பாலும் அவற்றால்தான். ரகசிய எண்களையும் கடவுச்சொற்களையும் இந்தத் தாளில் எழுத வேண்டாம். ஒரு படி உங்களிடமும், ஒரு படி பிள்ளைகளில் ஒருவரிடமும் இருக்கட்டும். லாக்கருக்குள் மட்டும் வைத்துப் பூட்டிவிட்டால் பட்டியல் எழுதிய பயனே போய்விடும்.

பத்து ஆண்டுகளாக யாரும் உரிமை கோராத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. பணம் பறிபோய்விடாது, வாரிசுகள் பிறகும் கேட்டுப் பெறலாம். ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்? இத்தகைய வைப்புகளைப் பல வங்கிகளில் ஒரே இடத்தில் தேடிப் பார்ப்பதற்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் பெற்றோர் பெயரில் ஏதேனும் நின்றுபோயிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம்.

வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று குறிப்பிட்டு நியமிக்க முடிகிறது. நியமிக்கப்பட்டவரிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும் என்பதால் மற்ற வாரிசுகளின் சட்ட உரிமை இல்லாமல் போவதில்லை. யாருக்கு எது என்பதில் உங்களுக்குத் தெளிவான விருப்பம் இருந்தால், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு உயில் எழுதுவதே வழி. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்துவிட்டால் பின்னாளில் அதன் உண்மையை நிறுவுவது எளிதாகும்.

பட்டா, வில்லங்கச் சான்றிதழ் போன்றவை தொலைந்தாலும் இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அசல் கிரயப் பத்திரமும் தாய்ப் பத்திரமும் அப்படியல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் அசல் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டறிய முடியவில்லை என்ற சான்றிதழ் வாங்கி அலைய வேண்டியிருக்கும். அவை மட்டும் லாக்கரில் இருக்கட்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று போன்றவற்றுக்கு 2015-இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் போதுமானது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வழங்கிய துறையிடமிருந்தே நேராக வந்து சேரும் ஆவணத்திற்குத்தான் அசலுக்கு இணையான மதிப்பு. நீங்களே படம் பிடித்து ஏற்றிவைத்த தாள் வெறும் படம்தான்.

ஓய்வூதியருக்கான ஆண்டு நேர்காணலுக்கு எப்படியும் போகிறீர்கள். அதே மாதத்தில் இந்தப் பட்டியலையும் எடுத்துப் படித்து, முதிர்ந்த வைப்புகளை அடித்துவிட்டுத் தேதியிடுங்கள். தேதியில்லாத பட்டியலைப் பார்க்கிறவர் அதை நம்புவதா கூடாதா என்று குழம்பிப்போவார்.

அறுவை அரங்கில் நீண்ட காலம் அனுபவமுள்ள செவிலியர் நான். இப்போதும் ஒவ்வோர் அறுவையின்போதும் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்து டிக் போடச் சொல்கிறார்கள். அனுபவத்தை நம்பாதது போல இருக்கிறது.
– செவிலியர், மதுரை

அனுபவசாலிகளுக்காகவே உருவான கருவி அது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் மேலெழுந்து உடனே விழுந்தது. ஓட்டியவர் தேர்ந்த ராணுவச் சோதனை விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதபடி வால்பகுதியைப் பூட்டிவைக்கும் அமைப்பை விடுவிக்க மறந்ததே காரணம். அவரும் இன்னொருவரும் உயிரிழந்தார்கள். அவரைவிடத் திறமையான விமானியைத் தேடுவதால் பயனில்லை என்று உணர்ந்த பிறகுதான் விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. தெரியாததை அந்தப் பட்டியல் சொல்லித் தருவதில்லை. நன்றாகத் தெரிந்ததையே, தெரியும் என்ற நம்பிக்கையால் தாண்டிப் போய்விடாமல் நிறுத்துகிறது.

நீங்கள் படிப்பது உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியலாகவோ அதைத் தழுவியதாகவோ இருக்கும். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறும் முன் என மூன்று இடங்களில் அது நிறுத்துகிறது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் நேரும் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது.

உங்கள் மனக்குறையில் நியாயமான பகுதியும் ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் இந்தப் பட்டியலைக் கொண்டுவந்தும் இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014-இல் இன்னோர் ஆய்வு வந்தது. ஏன் என்பதில் விவாதம் உண்டு. எல்லோரும் கையை நிறுத்தி வாய்விட்டுப் படித்துக் கேட்கும் அரங்குக்கும், அறுவை முடிந்தபின் ஒருவர் மூலையில் உட்கார்ந்து மொத்தமாக டிக் போடும் அரங்குக்கும் தாளில் வித்தியாசம் தெரியாது என்பது என் கருத்து. உங்கள் அரங்கில் இரண்டாவதுதான் நடக்கிறது என்றால், எரிச்சலைப் பட்டியல் மீது காட்டாமல், அதை உரக்கப் படிக்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவர் குரலுக்குத்தான் மற்றவர்கள் கையை நிறுத்துவார்கள்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவர், சேலம்

இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், முகம் மாறிய நோயாளிகள் தங்கள் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதியது, 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துபோய் இப்படி உலவுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆனது. நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. 22-ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

துணி ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர் (வாங்குபவர்), டையிங் (சாயமிடும் பிரிவு), தையல் பிரிவு, லாரி என எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான். ஸ்டார் போட்டு வைத்தவையே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.
– வாசகர், கரூர்

ஸ்டார் போடுவது வேலையைத் தள்ளிவைத்ததாக ஆகுமே தவிர, குறித்ததாக ஆகாது. உங்கள் தொழிலில் ஒவ்வோர் ஆர்டரும் சாம்பிள் ஒப்புதல், நூல், டையிங், தையல், பேக்கிங் என்று வரிசையாக நகர்கிறது. டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த, வேலையின் நகர்வை அட்டைகளால் காட்டும் கான்பன் முறையின் எளிய வடிவம் இதற்கு அப்படியே பொருந்தும். மேசைக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை. அதில் இந்தக் கட்டங்கள். ஓர் ஆர்டருக்கு ஓர் அட்டை. செய்தி வந்ததும் அது எந்த ஆர்டரைச் சேர்ந்ததோ அந்த அட்டையில் ஒரு வரி எழுதிவிட்டு, தேவைப்பட்டால் அட்டையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துங்கள். டையிங் கட்டத்தில் மட்டும் ஏழு அட்டைகள் தேங்கி நின்றால், யாரும் செய்தி அனுப்பாமலே எங்கே சிக்கல் என்று உங்களுக்கும் உங்கள் முதலாளிக்கும் தெரிந்துவிடும். ஓனோவின் முறையில் உயிர்நாடி இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டத்தில் இத்தனைக்கு மேல் சேரக் கூடாது என்று வரம்பு கட்டுவது.

செய்தி வரும்போதெல்லாம் பார்க்காமல் இருக்க உங்கள் வேலை இடம் தராது என்பது தெரியும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். காஸ்டிங் கணக்குப் போடும் அரை மணி நேரமாவது கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். விலையில் ஒரு இலக்கம் பிசகினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். போடும் கால அட்டவணையை ஒரு வாரம்கூடப் பின்பற்ற முடிவதில்லை. சோம்பேறித்தனமா?
– வாசகி, விழுப்புரம்

கணக்குத் தவறு என்றே நினைக்கிறேன். உளவியல் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டு 1994-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் சொன்ன சராசரி சுமார் 34 நாள். எல்லாமே தடங்கலாகிப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். நாம் போடும் மோசமான மதிப்பீடுகூட நடப்பதைவிட நல்லதாகவே இருக்கிறது.

நீங்கள் அட்டவணை போடும்போது, தலைவலியும் விருந்தாளியும் மின்தடையும் இல்லாத ஒரு நாளைக் கற்பனை செய்துகொண்டு போடுகிறீர்கள். அதற்குப் பதிலாகச் சென்ற வாரத்தில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எத்தனை பக்கம் நகர்ந்தீர்கள் என்று எடுத்து எழுதுங்கள். பதினெட்டு மணி நேரம்தான் என்று வந்தால், அடுத்த வாரத்துக்கும் பதினெட்டுக்கே திட்டமிடுங்கள், முப்பதுக்குப் போடாதீர்கள். ஆறு நாளுக்கு மட்டும் பாடங்களைப் பிரித்துவிட்டு ஏழாம் நாளை வெறுமையாக விடுங்கள். மீந்துபோன பாடங்கள் அங்கே போகட்டும். மீதமே இல்லாவிட்டால் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.